நான் வெட்டிக் கொடுத்த பாதி மாத்திரை

எடை போடுவதில் என்னை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கெமிக்கல் ஸ்டோரில் தராசுக்கு முன்னால் நிற்பது என் வேலை. டிரம்மில் ஏற்றப்போகும் தோலின் எடைக்கு எந்தெந்த மருந்து எத்தனை சதவீதம் என்று அட்டையில் எழுதி வரும். அதைக் கணக்குப் போட்டு, நிறுத்து, வாளியில் கொட்டிக் கொடுப்பேன். டிரம் ஓட்டுகிறவர்கள் சில நாள் அவசரத்தில் வந்து, "கொஞ்சம் ஜாஸ்தியா போடுக்கா, சீக்கிரம் முடிச்சிட்டு வூட்டுக்குப் போலாம்" என்பார்கள். அட்டை எழுதியவர் முட்டாளா, நீ புத்திசாலியா என்று நான் போடும் சத்தத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஊருக்கெல்லாம் அப்படி அளந்து கொடுக்கிற நான், அவருக்கு டாக்டர் எழுதிய மாத்திரையைப் பாதியாக வெட்டிக் கொடுத்தேன். அதனால் அவர் ஒரு விரலையே இழக்கப் பார்த்தார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். மெஷின் வந்த பிறகும் நல்ல தோலுக்கும் சாம்பிள் ஜோடிகளுக்கும் கையால் வெட்டுகிறவர்களைத்தான் தேடுவார்கள். தோலை விரித்து, அதன் மேல் டிசைன் அட்டையை வைத்து, இடது கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கத்தியை அட்டையின் ஓரமாக ஓட்ட வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கத்தி பிடித்த கையைப் பார்ப்பார்கள். வேலை தெரிந்தவர்கள் அழுத்திப் பிடிக்கும் கையைப் பார்ப்பார்கள். இடது ஆள்காட்டி விரல் கொஞ்சம் தளர்ந்தால் போதும், அட்டை நகர்ந்துவிடும், தோல் பாழ். அந்த விரலில்தான் மே மாத வெயிலில் ஒரு நாள் கத்தி இறங்கியது.

சின்ன வெட்டுதான். கட்டிங் பிரிவில் வெட்டு விழாத விரலே கிடையாது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார். மூன்றாம் நாள் விரல் வீங்கி, நகத்தைச் சுற்றிச் சிவந்து, விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினோம். அந்த டாக்டர் ஓர் ஊசி போட்டு, ஏழு நாளைக்கு மாத்திரை எழுதினார், ஒரு நாளைக்கு மூன்று வேளை. மருந்துக் கடை பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அட்டைகளை எண்ணிப் பையில் போடும்போதே, "மூணு வேளை, ஏழு நாளு. வலி போச்சுன்னு நடுவுல நிறுத்திட்டு அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதமா" என்றார்.

"எனக்கா சொல்றீங்க பாய்? தெனம் டன் கணக்குல கெமிக்கல் நிறுத்துக் குடுக்குறவ நானு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பையை நீட்டினார்.

பாய் பயந்ததுபோல நான் நடுவில் நிறுத்தவில்லை. அளவைக் குறைத்தேன். முந்தைய வருடம் பல்வலிக்கு இதேபோல ஒரு மாத்திரை சாப்பிட்டு, அவருக்கு வயிற்றால் போய், வாயெல்லாம் புண்ணாகி, ரசம் சாதம்கூட இறங்காமல் ஒரு வாரம் சுருண்டு கிடந்தார். இந்த மாத்திரை அதைவிடப் பெரிதாக இருந்தது. வெயிலோ வீட்டுச் சுவரைத் தொட்டால் கையைச் சுட்டது. இவ்வளவு சூட்டில் இவ்வளவு சூடான மாத்திரையை மூன்று வேளை இந்த மனுஷன் உடம்பு தாங்குமா என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்துக்கு என் தொழிலே ஒரு வழி காட்டியது. தோலைப் பதப்படுத்த டிரம்மில் குரோம் போடுவோம். தோல் நீலமாவது அதனால்தான். அந்தக் குரோமை ஒரேயடியாகக் கொட்டிவிட மாட்டோம். முதலில் பாதியைப் போட்டு டிரம்மை ஓட விட வேண்டும். அது உள்ளே ஏறிய பிறகுதான் மீதி. இதை முதல் ஃபீடு, இரண்டாவது ஃபீடு என்போம். மொத்தத்தையும் ஒரே தடவையில் போட்டால் தோலின் மேல்பக்கம் இழுத்துக்கொண்டு சொரசொரப்பாகிவிடும். எருமைத் தோலுக்கே இத்தனை பக்குவம் பார்க்கிறோம், மனிதத் தோலுக்குப் பார்க்க வேண்டாமா? முதல் இரண்டு நாள் பாதி, உடம்பு பழகிய பிறகு முழுசு என்று முடிவு செய்தேன். டாக்டருக்குத் தெரியாத நுணுக்கம் எனக்குத் தெரிந்துவிட்டதாக உள்ளூர ஒரு பெருமை வேறு.

அவருடைய பழைய கட்டிங் கத்தி ஒன்று வீட்டில் உண்டு. அதை வைத்து மாத்திரையை வெட்டினேன். பிசிறு இல்லாமல் இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் டம்ளரோடு நீட்டியபோது அவர் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "இன்னா, பாதிதான் இருக்குது?" என்று கேட்டார்.

"டாக்டரே அப்படித்தான் எழுதியிருக்காரு. முழுங்குங்க" என்றேன்.

மறுபேச்சு இல்லாமல் விழுங்கினார். என்னைக் கட்டினது முதல் இன்று வரை, நான் கொடுத்த மாத்திரை என்ன, எதற்கு என்று அவர் கேட்டதே கிடையாது. அன்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்கும் நான் பொய் சொன்னேன்.

இரண்டாம் நாள் வீக்கம் வடிந்தது. சிவப்பும் குறைந்தது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிக்கே கேட்கும் உடம்புக்கு முழுசு எதற்கு என்று தோன்றிவிட்டது, அதனால் மூன்றாம் நாள் முழு மாத்திரைக்குப் போகவே இல்லை. மீந்த பாதிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அடுத்த தடவைக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தினேன். வேலைக்குப் போன இடத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம் இந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லவும் செய்தேன். அவளும் நல்ல யோசனை என்றாள்.

ஆறாம் நாள் காலையில் அவர் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் நின்றுகொண்டிருந்தார். விரல் முன்னைவிடத் தடித்து, பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. நிமிர்த்தப் போனால் உயிர் போகிறது என்றார். சிவப்பு உள்ளங்கைக்கு இறங்கியிருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். கையைத் தொட்டுப் பார்த்ததுமே அந்த டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "இங்க வெச்சிருக்காதீங்க, உடனே வேலூர் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ் ஏறினோம். வழியெல்லாம் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். முன்னால் இருந்த யாரோ ஒருவர், உட்கார இடம் கேட்டுக் கை தூக்குகிறார் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார். அந்த வலியிலும் அதற்கு அவருக்குச் சிரிப்பு வந்தது.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். அவசரப்படாமல் பேசினார். விரலை நுனியிலிருந்து அடி வரை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு, "என்ன மாத்திரை, எத்தனை நாளா சாப்பிடறீங்க அண்ணா?" என்று கேட்டார்.

நான் சீட்டை நீட்டினேன்.

"ஒரு வேளைகூட விடாம சாப்பிட்டீங்களா?"

"ஒரு வேள கூட தப்பல டாக்டர்" என்றார் அவர். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை. "இவங்களே கையில எடுத்துக் குடுத்துடுவாங்க. அதுல எல்லாம் ரொம்ப கரெக்டு."

நான் பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். "அஞ்சு நாள் சரியா சாப்பிட்டும் இப்படி ஏறியிருக்குன்னா, இந்தக் கிருமி அந்த மருந்துக்கு அடங்காத ஜாதி. இதைவிடப் பெரிய மருந்துக்குப் போகணும். அது கிட்னியைத் தொந்தரவு பண்ணலாம், அதனால தினம் ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டேதான் குடுக்கணும். விரலை மடக்கற நாண் பக்கத்துல சீழ் பிடிச்சிருக்கு. இன்னைக்கே திறந்து சுத்தம் பண்ணணும்" என்றார். வெளியே போய் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

படிவம் தமிழிலேயே இருந்தது. நர்ஸ் ஒருவர் வரி வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். நடுவில் ஒரு வரி வந்தது: தேவைப்பட்டால் விரலின் ஒரு பகுதியையோ முழு விரலையோ அகற்ற நேரிடலாம். அந்த அம்மா அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பேனா கையில் இருந்தது. அந்த விரல் போனால் அட்டையை யார் பிடிப்பது? கட்டிங்கிலிருந்து எடுத்து டப்பா ஒட்டுகிற வேலையில் போடுவார்கள். இருபது வருடம் கற்ற தொழில் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தோற்காத ஒரு மருந்தைத் தோற்றதாக நினைத்துக்கொண்டு, தேவையில்லாத வேறொரு மருந்தை அவர் உடம்பில் ஏற்றப் போகிறார்கள். அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் நான். நானோ வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

பேனாவை நர்ஸ் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அவர் படுக்கையில் இருந்தார். டாக்டரை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

"டாக்டர், அவரு சொன்னது நெஜம்தான், ஆனா அவருக்கே தெரியாது" என்றேன். "முழு மாத்திரை குடுக்கல. நான்தான் வெட்டிப் பாதி பாதியா குடுத்தேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தனை வேளை?"

"எல்லா வேளையும்."

"அஞ்சு நாளும்?"

"அஞ்சு நாளும்."

படுக்கையிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏன் என்று டாக்டர் கேட்டார். சூடு, வயிற்றால் போனது, முதல் ஃபீடு, இரண்டாவது ஃபீடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டப் போகிறார் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து என்னை உட்கார வைத்தார்.

"அக்கா, உங்க டிரம்ல முதல் தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல தோல் சும்மா இருக்கும். இவர் விரல்ல இருக்கறது சும்மா இருக்காது. நீங்க குடுத்த பாதியில சிலது செத்துப் போச்சு, அதான் வீக்கம் வடிஞ்சது. தாக்குப் பிடிச்சது எல்லாம் மறுபடி பெருகிடுச்சு."

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் தொழிற்சாலைக்குப் பச்சைத் தோல் உப்புத் தடவி லாரியில் வந்து இறங்கும். உப்பை மிச்சம் பிடித்துத் தடவி அனுப்புகிற ஆட்களும் உண்டு. அடுக்கைப் பிரித்ததுமே நாற்றம் மூக்கைத் துளைக்கும், முடி கையோடு வரும். பாதி உப்பு போட்ட தோல் பாதியாகக் கெடுவதில்லை, முழுதாகக் கெடும். கெடுப்பதும் கிருமிதான். இது ஸ்டோரில் கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். அந்த லாரிக்காரர்களை எத்தனை தடவை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்! புருஷன் விரலுக்கு உப்பை நினைக்காமல், செத்த தோலுக்குப் போடும் குரோமை நினைத்துவிட்டேன்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு டாக்டர்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இப்பவாவது சொன்னீங்களே, அது ரொம்ப நல்லது" என்றார் அவர். "மருந்து தோத்துப் போகலை, போய்ச் சேரவே இல்லை. சீழை எடுத்து லேபுக்கு அனுப்பறோம். ரிப்போர்ட் வர வரைக்கும் அதே வகை மருந்தை, சரியான அளவுல, நரம்பு வழியா ஏத்தறோம். பெரிய மருந்து கையில இருக்கட்டும். விரலைப் பத்தி மட்டும் இன்னைக்கு நான் வாக்கு குடுக்க முடியாது."

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று மதியம் விரலைத் திறந்து சுத்தம் செய்தார்கள். வெளியே வந்தபோது கட்டு பெரிதாக இருந்தது, உள்ளே விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. "இருக்கு. நாணுக்கு ரத்த ஓட்டம் இருக்கு. ரெண்டு மூணு நாள் பாக்கணும்" என்றார் டாக்டர்.

அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் நர்ஸிடம் கேட்டார். நான் சத்தம் போட்டுச் சண்டை போடுகிற ஆள், அவர் சத்தம் போட்டால் பதிலுக்குப் போட்டிருப்பேன். பேசாமல் இருக்கிறவரிடம் என்ன செய்வது? கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேளையும் நர்ஸ் வந்து, சீட்டையும் பாட்டிலையும் இரண்டு தடவை ஒத்துப்பார்த்து, நேரத்தைக் குறித்துவிட்டுப் போவார். என் வேலைதான் அது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவராகவே வாயைத் திறந்தார். "வயித்துக்கு ஆவாது, பாதி குடுக்கட்டான்னு கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேன். அது பெருசில்ல. டாக்டரே அப்படித்தான் எழுதினாருன்னு சொன்னே பாரு, அதான் மனசுக்கு ஆவல."

"தப்புதாங்க" என்றேன். "மன்னிச்சிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் இந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை. அவருக்கே நம்ப முடியவில்லை. "இன்னொரு தபா சத்தமா சொல்லு, பக்கத்து பெட்டுக்காரருக்குக் கேக்கல" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர் போர்வைக்குள் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் ரிப்போர்ட்டோடு டாக்டர் வந்தார். தூரத்திலிருந்தே முகத்தைப் பார்த்தேன். "பழைய மருந்துக்கே அடங்குது. பெரிய மருந்து வேண்டாம். காய்ச்சலும் விட்டுடுச்சு, விரலும் நிறம் திரும்பிடுச்சு" என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது அதே மாத்திரையைத்தான் எழுதினார்கள். நான் விட்டுவிடுவேனா? சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை மணி இடைவெளி, மறந்துபோனால் என்ன செய்வது, வயிற்றால் போனால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். "வயித்தால போனா எங்களுக்கு போன் பண்ணுங்க அக்கா. கத்தியை மட்டும் எடுக்காதீங்க" என்றார் டாக்டர்.

நான் பயந்தது நடக்கவும் செய்தது. நாலாம் நாள் அவருக்கு வயிறு கலங்கியது. போன் செய்தேன். இதே கேள்வியை இன்னும் யார் யாரோ கேட்டிருப்பார்கள் போல, அந்தப் பக்கத்தில் நிதானமாகப் பதில் சொன்னார்கள். எத்தனை தடவை போனது, ரத்தம் கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலும் தயிர் சாதமும் கொடுங்கள், மாத்திரை தொடரட்டும், கூடினால் நேரில் வாருங்கள் என்றார்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இத்தனை பெரிய கலவரத்துக்குக் காரணமான என் பயம் ஒரு கிண்ணம் தயிர் சாதத்தில் அடங்கிப்போனது. டப்பாவில் இருந்த பாதி மாத்திரைகளைப் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கடையில் நின்றிருந்த எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பக்கத்து மேஜைக்காரியிடமும் போய், அன்று நான் சொன்னது சாமர்த்தியம் இல்லை, மடத்தனம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புண் ஆறியது. ஆனால் விரல் முழுசாக மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள்: ஈரத் துணியைப் பிழிய வேண்டும், சப்பாத்தி மாவை உருட்ட வேண்டும், தட்டில் கொட்டிய மொச்சைக்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். கம்பெனியில் அவரைத் தற்காலிகமாக டப்பா ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மொச்சையோடு மல்லுக்கட்டுவார். எடுப்பார், வழுக்கும், மறுபடி எடுப்பார். கட்டை விரலும் அந்த விரலும் ஒன்றையொன்று தொடும், ஆனால் அழுத்தம் இருக்காது. விரல் மிஞ்சியது, தொழில் மிஞ்சுமா என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவர் எதிரில் காட்டிக்கொள்ளாமல், வெண்டைக்காயை அவர் பக்கம் தள்ளி, காம்பைக் கிள்ளிக் கொடுங்கள் என்று அதட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்று குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து என் முழங்கைக்கு மேலே கையைக் கிள்ளினார். சுரீர் என்றது. "ஐயோ" என்று கரண்டியோடு திரும்பினேன்.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்காம? பேஜாரு புடிச்ச மனுஷன்!"

"நெஜமா வலிக்குதா?"

குரல் என்னவோபோல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு கையைப் பார்த்தேன். வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கிள்ளியது இடது கை. என் கையில் இரண்டு விரல் தடம் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கையை அவர் பக்கம் நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திக் கிள்ளுங்க" என்றேன்.